கணினி வகைகளும் பிசியின் பாகங்களும்: யார், எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

கேட்கப்பட்டது இது: கணினிகளில் எத்தனை வகை, போனும் லேப்டாப்பும் அதில் எங்கே சேரும், ஒரு பெர்சனல் கம்ப்யூட்டரின் (பிசியின்) அடிப்படைப் பாகங்கள் என்னென்ன, ராமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம், பழைய பிசி மெதுவாக ஓடினால் எதை மாற்ற வேண்டும். தனித்தனியாகப் படித்தால் இதெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாகத்தான் தெரியும். ஒரு வேலை முடிய யார் காத்திருக்கிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் ஐந்து கேள்விகளும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்.

சூப்பர் கம்ப்யூட்டர், மெயின்ஃபிரேம், மினி, மைக்ரோ என்று நான்கு வகையாகப் பிரித்துப் பாடப்புத்தகங்களில் இன்னும் எழுதுகிறார்கள். 1970களில் அது பொருத்தமான பிரிவுதான். மெஷின் எவ்வளவு பெரியதோ அவ்வளவு சக்தி என்று இருந்த காலம் அது. இன்று உருவத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குப் போன கிரே-1 அந்தக் காலத்தின் உச்சம். எடை ஐந்து டன்னுக்கு மேல், கடிகார வேகம் 80 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு அதிகபட்சம் 16 கோடி தசமக் கணக்குகள். இன்று சட்டைப்பையில் இருக்கும் சாதாரண போன் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். அதற்காகப் போனை யாரும் சூப்பர் கம்ப்யூட்டர் என்று சொல்வதில்லை. ஒரு மெஷினிடம் எந்த மாதிரி வேலை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அந்த வேலை தாமதமானால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் இப்போது வகை பிரிக்க முடியும்.

சூப்பர் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது ஒரே ஒரு மிகப்பெரிய கணக்கு. வானிலை முன்னறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், காற்று எப்படி மாறும் என்று கணக்கிட வேண்டும். ஒரு கட்டத்தின் அடுத்த நிலை அதன் பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்தது. ஆகவே ஆயிரக்கணக்கான பிராசஸர்கள், அதாவது கணக்குப் போடும் சிப்புகள், கணக்கைப் பங்கு போட்டுக்கொண்டாலும், ஒவ்வொரு படியிலும் அவை விடைகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டாக வேண்டும். ஒன்று பிந்தினால் மற்றவையும் நிற்கும். அதனால்தான் அங்கே பிராசஸர்களுக்கு இணையாக, அவற்றை இணைக்கும் நெட்வொர்க்குக்கும் மெனக்கெடுகிறார்கள். நாளைய மழையைக் கணித்து முடிக்க நாளை மறுநாள் ஆகிவிட்டால் அந்தக் கணிப்பால் யாருக்கும் பயனில்லை. உலகின் வேகமான 500 மெஷின்களை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவருகிறது. 2024 நவம்பர் பட்டியலில் முதலிடம் பிடித்தது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருக்கும் எல் கேப்பிட்டன். வேகம் 1.742 எக்ஸாஃப்ளாப்ஸ், எக்ஸா என்றால் 1 போட்டு 18 சுழியம், ஃப்ளாப்ஸ் என்றால் வினாடிக்குச் செய்யும் தசமக் கணக்குகள். அதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோர்கள், அதாவது ஒரே சிப்பில் பலவாக இருக்கும் பிராசஸர்கள், வேலை செய்கின்றன.

மெயின்ஃபிரேமின் வேலை இதற்கு நேர் எதிர். அங்கே பெரிய கணக்கு எதுவும் கிடையாது. சின்னச் சின்னக் கணக்குகள், ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில். ஒருவர் கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து இன்னொருவர் கணக்கில் சேர்ப்பது கணிதமாகப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. கழித்த பிறகு, சேர்ப்பதற்கு முன் மெஷின் நின்றுவிடக் கூடாது. அதே நொடியில் அதே பணத்தை வேறொரு இடத்தில் எடுக்கவும் விடக் கூடாது. கஷ்டமெல்லாம் அங்கேதான். அதனால் மெயின்ஃபிரேமில் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் மாற்று தயாராக இருக்கும், பல பாகங்களை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 இந்த வகையின் தாய்வேர். அதற்கு முன் பெரிய மெஷினுக்கு மாறினால் ப்ரோகிராம்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 360 வரிசையில் சின்ன மாடலுக்கு எழுதியது பெரிய மாடலிலும் ஓடும் என்று வந்தது. அந்த வாக்கை இன்றைய ஐபிஎம் இசட் மெஷின்கள் வரை காப்பாற்றி வருகிறார்கள் என்பது கணினி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

மினி கம்ப்யூட்டர் என்ற வகை இப்போது இல்லை. 1965இல் டிஇசி நிறுவனம் கொண்டுவந்த பிடிபி-8 போன்றவை ஒரு ஆய்வகத்துக்கோ ஒரு துறைக்கோ தனியாக ஒரு கணினி வைத்துக்கொள்ள வழி செய்தன. இன்று அந்த இடத்தைச் சர்வர்கள் பிடித்துவிட்டன. சர்வர் என்பது உள்ளமைப்பில் பிசியின் உடன்பிறப்பு. மானிட்டர் இருக்காது, இரவு பகலாக ஓடும், நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) தானாகப் புரண்டாலும் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி வகை ராம் இருக்கும். கிளவுடு என்று நாம் சொல்வது இப்படிப்பட்ட சர்வர்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய கட்டடங்களைத்தான்.

எண்ணிக்கையில் மற்ற எல்லா வகைகளையும் விஞ்சி நிற்பவை, கணினி என்று நம் கண்ணில் படாதவை. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, கார், ரவுட்டர் எல்லாவற்றிலும் புதைந்திருக்கும் எம்பெடட் கணினிகள். பிராசஸர், நினைவகம், உள்ளே வர வெளியே போக வழிகள் அத்தனையும் ஒரே சிப்பில் அடங்கிய மைக்ரோகண்ட்ரோலர் இவற்றின் மூளை. இங்கே சராசரி வேகம் முக்கியமில்லை, கெடு முக்கியம். கார் மோதியதும் ஏர்பேக்கை விரிக்கலாமா வேண்டாமா என்பதை மில்லிவினாடிக் கணக்கில் முடிவு செய்தாக வேண்டும். சரியான விடை ஒரு வினாடி கழித்து வந்தால் அது தவறான விடை.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1969இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11. அதன் வழிகாட்டும் கணினியில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் வெறும் 2,048 சொற்கள், நம் கணக்கில் சுமார் 4 கிலோபைட். இறங்கிக்கொண்டிருக்கும்போது அதற்கு வேலை அளவுக்கு மீறிப் போய், 1202 என்ற எச்சரிக்கை எண் திரையில் வந்தது. எல்லா வேலைகளையும் இழுத்துப்போட்டுக்கொண்டு அந்தக் கணினி திணறவில்லை. முக்கியத்துவம் குறைந்தவற்றைக் கைவிட்டு, இறங்குவதற்குத் தேவையானவற்றை மட்டும் மறுபடி தொடங்கி நேரத்துக்குச் செய்து முடித்தது. எதைக் காக்க வைக்கலாம், எதைக் காக்க வைக்கவே கூடாது என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி ப்ரோகிராம் எழுதியிருந்தார்கள்.

அனலாக், டிஜிட்டல், ஹைப்ரிட் என்று வேறொரு பிரிவும் தேர்வுகளில் வரும். எண்களாகக் கணக்கிடாமல், பல்சக்கரம், மின்னழுத்தம் போன்ற தொடர்ந்து மாறும் அளவுகளாலேயே விடை காட்டுபவை அனலாக். 1870களில் கெல்வின் பிரபு செய்த, கடல் ஓதங்களைக் கணிக்கும் இயந்திரம் அதற்கு நல்ல உதாரணம். இரண்டையும் கலந்தது ஹைப்ரிட். இன்று கையில் எடுப்பதெல்லாம் டிஜிட்டல்தான். குவாண்டம் கணினிகள் இன்னும் ஆய்வு நிலையை முழுதாகத் தாண்டவில்லை. அவை பிசிக்கு மாற்றாக வருபவையும் அல்ல, சில குறிப்பிட்ட கணக்குகளுக்கானவை.

மீதமிருப்பது, பாடப்புத்தகம் மைக்ரோ என்று சொல்லும் பெர்சனல் கம்ப்யூட்டர். பெயரே சொல்வதுபோல், ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவர் காத்திருக்கிறார். 1975இல் ஆல்டேர் 8800, 1977இல் ஆப்பிள் 2 என்று தொடங்கி, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்த பிறகு இந்த வகைக்கு ஒரு பொது அச்சு கிடைத்தது. அதில் இருந்தது 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் 8088 பிராசஸர். டெஸ்க்டாப், லேப்டாப், டேப்லெட், போன் எல்லாமே இந்த ஒரே குடும்பம். போனில் பிராசஸர், கிராஃபிக்ஸ், மோடம் போன்றவற்றை ஒரே சிப்பில் திணித்திருப்பார்கள், அவ்வளவுதான். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சிப் உள்ள லேப்டாப்புகளிலும் ஏறக்குறைய அதே பாணிதான். பாகங்களைக் கற்றுக்கொள்ள டெஸ்க்டாப்தான் வசதி. எல்லாம் தனித்தனியாக, கண்ணால் பார்க்கும்படி, கையால் கழற்றும்படி இருக்கும்.

மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியை முழுதாக சிபியு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது கேபினெட். சிபியு என்பது அதற்குள், எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டின் நடுவில், ஃபேனுக்கு அடியில் மறைந்திருக்கும் சின்னச் சதுரமான பிராசஸர். அது செய்வது மூன்றே காரியம்: நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுப்பது, அது என்ன கட்டளை என்று பிரித்துப் பார்ப்பது, அதைச் செய்வது. கூட்டு, கழி, இரண்டில் எது பெரியது என்று பார், இந்த எண்ணை அங்கே வை, அங்கே போய் அடுத்த கட்டளையை எடு. வீடியோ ஓடுவதும் கடிதம் எழுதுவதும் கடைசியில் இதே சில்லறைக் கட்டளைகள்தான். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் கடிகாரம் வினாடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு கால் நானோவினாடி. அந்த நேரத்தில் ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர் தூரம்தான் போகும். ராம் ஏன் பிராசஸருக்கு ஒட்டியே பொருத்தப்படுகிறது என்பதற்கு இதிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு வேகத்துக்கு விலை சூடு. பிராசஸரின் மேல் சூட்டை வாங்கிப் பரப்பும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க், அதன் மேல் ஃபேன், இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் இடையே காற்று தங்காமல் இருக்க தெர்மல் பேஸ்ட் என்ற பசை. பேஸ்ட் காய்ந்து போனாலோ, ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தாலோ, வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு "பிசி ஸ்லோ ஆகிவிட்டது" என்று மட்டும்தான் தெரியும். கோர்கள் என்பவை ஒரே சிப்பில் இருக்கும் பல பிராசஸர்கள். எட்டுக் கோர் என்பதால் எல்லாம் எட்டு மடங்கு வேகமாகிவிடாது. வேலையைப் பிரித்துச் செய்யும்படி மென்பொருளை எழுதியிருந்தால்தான் அதன் பலன் தெரியும்.

இனி வருவதுதான் முழுப் பதிலின் மையம். பிராசஸரின் ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் முதல் நிலை கேஷ் என்ற சிறு நினைவகத்தில் ஒரு தகவல் இருந்தால் நான்கைந்து வினாடியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ராமுக்குப் போக வேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் ஆகும். ராமிலும் இல்லை, சிப்புகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் நான்கரை நாள். ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்றேகால் வருடம். நீங்கள் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, பத்தில் ஒரு வினாடியில் அடுத்ததைத் தட்டினால், பிராசஸருக்கு அது பன்னிரண்டு வருட இடைவெளி. உண்மை அளவில் இவை முறையே ஒரு நானோவினாடி, 80 நானோவினாடி, 100 மைக்ரோவினாடி, 10 மில்லிவினாடி என்று தோராயமாகச் சொல்லலாம்; மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் இடைவெளியின் அளவு இதுதான்.

ஒரே வகை நினைவகத்தை வைத்துக்கொள்ளாமல் ஏன் இத்தனை அடுக்கு என்ற கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. வேகமானது சிப்பில் அதிக இடம் பிடிக்கும், தயாரிக்கச் செலவு அதிகம், மின்சாரம் போனால் அழிந்துவிடும். நிலைத்து நிற்பதும் நிறையக் கொள்வதும் மெதுவாகவே இருக்கும். ஆகவே அடுத்த கணம் தேவைப்படுவது கேஷில், இப்போது திறந்திருப்பது ராமில், மற்றதெல்லாம் டிஸ்க்கில். நல்லவேளையாக, இப்போது தொட்ட தகவலையே சற்று நேரத்தில் மறுபடி தொடுவதும், அதன் பக்கத்தில் இருப்பதைத் தொடுவதும் ப்ரோகிராம்களின் இயல்பு. அந்த இயல்பை நம்பித்தான் சில மெகாபைட் கேஷை வைத்துக்கொண்டு பல கிகாபைட் ராமைச் சமாளிக்கிறது பிராசஸர்.

ராமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம், அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. அந்தக் கெப்பாசிட்டர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை எல்லாப் பிட்டுகளையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது. மின்சாரம் போனால் புதுப்பிக்க ஆளில்லை, கசிந்து மறைந்துவிடும். சேமிக்காத கட்டுரை தொலைந்து போவது இதனால்தான். சேமி என்று அழுத்தும்போது நடப்பது, ராமில் இருப்பதை டிஸ்க்குக்கு நகலெடுப்பது. ராமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு காரியத்தில் பார்த்துவிடலாம்.

ராமைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீளமான பச்சை அல்லது கறுப்புப் பலகை, அடிப்பக்கத்தில் தங்க நிறக் கோடுகள், நடுவே ஓரிடத்தில் ஒரு வெட்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு பலகைகளிலும் 288 தொடுமுனைகள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள். சரியான பலகை என்றால் இரு முனையிலும் சமமாக அழுத்தியதும் பக்கத்துக் கிளிப் 'டக்' என்று தானே மூடிக்கொள்ளும். ஒரே பலகையாக 16 ஜிபி போடுவதைவிட இரண்டு 8 ஜிபி போடுவது பெரும்பாலும் நல்லது, இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் எந்த இரண்டில் போட வேண்டும் என்று மதர்போர்டு கையேட்டில் இருக்கும். வழக்கமாக பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

ராம் நிறைந்துபோனால் ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ரோகிராமை உடனே நிறுத்திவிடுவதில்லை. இப்போதைக்குத் தொடாத பகுதிகளை டிஸ்க்கில் ஒதுக்கிவைத்த இடத்துக்கு மாற்றிவிட்டு இடம் உண்டாக்கும். திரும்பத் தேவைப்பட்டால் கொண்டுவரும். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஐந்து நிமிட வேலை நான்கரை நாளாகவோ ஒன்றேகால் வருடமாகவோ மாறுகிறது. பிரவுசரில் நாற்பது டேப் திறந்து வைத்தபின் ஒவ்வொரு க்ளிக்குக்கும் பிசி விறைத்து நிற்பது இந்தப் போக்குவரத்தால்தான். பிராசஸர் மெதுவானது என்று நினைத்துப் பலர் அதை மாற்றப் பார்க்கிறார்கள். பாவம், அது சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

ஹார்டு டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகள் உண்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய தகவல் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிவினாடிக்கு மேல். அதற்கு முன் தலை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கும் சில மில்லிவினாடி. ஒரு பெரிய படத்தை முதலிலிருந்து கடைசி வரை தொடர்ந்து படிக்க ஹார்டு டிஸ்க் இன்றும் மோசமில்லை. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலை ஓட வேண்டும், தட்டு சுற்ற வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்த சிப்புகள் அதில் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் மின்னூட்டம் உள்ளே பூட்டியே இருக்கும். எழுதி அழிக்கும் தடவைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது உண்மைதான். ஒரே இடம் தேய்ந்துபோகாதபடி எழுத்தை எல்லா இடங்களுக்கும் பரப்பிவிடும் கண்ட்ரோலர் உள்ளேயே இருப்பதால், வீட்டு உபயோகத்தில் அந்த வரம்பைத் தொடுவது அரிது. ஹார்டு டிஸ்க் சாகும் முன் சில சமயம் சத்தம் போட்டுத் தெரிவிக்கும், எஸ்எஸ்டி சொல்லாமல் போய்விடக்கூடும். எதுவாக இருந்தாலும் முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு இடத்தில் நகல் இருக்கட்டும்.

1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1,000 பெருக்கலில் ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1,024 பெருக்கலில் வகுக்கிறது. இன்னொரு குழப்பம் எம்.2. அது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. சுயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிகளில், பழைய இணைப்பு முறையான சாட்டா வகை வினாடிக்கு 550 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும், புதிய முறையான என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் போகும். உங்கள் போர்டின் ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது மதர்போர்டு. அதில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். பிசியின் வயர் பிடுங்கிக் கிடக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், பிரவுசர் எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று மறுத்தால், முதலில் இந்தப் பேட்டரியைச் சந்தேகியுங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு நாள் வரம்பு உண்டு. தவறான தேதியில் பார்த்தால் அது செல்லாதது போலத் தெரியும்.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பதும் மதர்போர்டில்தான் தொடங்குகிறது. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தம் நிலையாகிவிட்டது என்று தெரிவித்த பிறகே பிராசஸர் விழிக்கும். அப்போது ராமில் ஒன்றும் இல்லை. ஆகவே போர்டில் இருக்கும் ஃபிளாஷ் சிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேரை (சிப்பிலேயே பதிந்திருக்கும் ப்ரோகிராமை) ஓட்டுகிறது; பழையதில் இதுவே பயாஸ். அது ராம், கீபோர்டு, டிஸ்க், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கின்றனவா என்று சோதித்து, டிஸ்க்கிலிருந்து பூட் லோடரை எடுக்கிறது, அது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ராமுக்கு ஏற்றுகிறது. திரையில் ஒன்றுமே வராமல் பீப் சத்தமோ போர்டில் ஒரு சிவப்பு விளக்கோ மட்டும் வந்தால் இந்தச் சோதனையில் எங்கோ தடை. ராமைக் கழற்றி, தொடுமுனைகளைச் சுத்தமாகத் துடைத்து, திரும்ப நன்றாக அழுத்திப் பொருத்தினாலே பல சமயம் சரியாகிவிடும்.

எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. பிசியை ஷட் டவுன் செய்த பின்னும் 5 வோல்ட் ஒரு வழியில் ஓடிக்கொண்டே இருக்கும், பவர் பட்டனைக் கவனிப்பதற்கு. ஆகவே கேபினெட்டைத் திறக்கும் முன் வயரையே பிடுங்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் வயரைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இந்த ஒரு பாகத்தில் மலிவானதைத் தேட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, கெட்டால் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடியது இதுதான்.

கிராஃபிக்ஸ் கார்டு ஏன் தனியாக? 1920 பெருக்கல் 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 முறை வரைந்தால் 12 கோடிக்கும் மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கணக்கு. சில பலமான கோர்களைவிட ஆயிரக்கணக்கான எளிய கோர்கள் சேர்ந்தால் இது சீக்கிரம் முடியும். அந்தக் கார்டில் இருக்கும் ஜிபியு என்ற சிப் அதைத்தான் செய்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளும் இதே போல ஒரே செயலை ஏராளமான எண்களின் மேல் செய்பவை என்பதால் அந்த வேலையும் ஜிபியுவிடம் வந்தது. கடிதம், கணக்கு, இணையம், வீடியோ பார்ப்பது என்றால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். தனிக் கார்டு போட்டிருப்பவர்கள் மானிட்டர் வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் கார்டின் பலன் கிடைக்காது, சில பிசிகளில் திரையே வராது.

மானிட்டர், மௌஸ், ஸ்பீக்கர், பிரிண்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டைப் பற்றி மட்டும் ஒன்று. அது எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது ஆபரேட்டிங் சிஸ்டம். ஆங்கில எழுத்து அச்சிட்ட அதே கீபோர்டில் தமிழும் அடிக்க முடிவது இதனால்தான்.

கடைசிக் கேள்வி, பழைய பிசியில் எதை மாற்றுவது. முதலில் எதையும் மாற்றாமல் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிசி திணறும் நேரத்தில் அதில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றின் சதவீதத்தையும் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று சிபியு பத்து சதவீதத்தில் இருந்தால், உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருடப் பழைய மெஷினில்கூட வேறு எந்த மாற்றமும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது. மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ராம். எஸ்எஸ்டி போட்டால் அந்தத் தொல்லை குறையும், தீராது. சிபியு 100 சதவீதத்தில் நின்றால் எந்த ப்ரோகிராம் தின்கிறது என்று அதே பட்டியலில் பார்த்து, வேண்டாததை நிறுத்தி, தூசியையும் தட்டிவிட்டு, அதன் பிறகும் தீரவில்லை என்றால் மட்டும் பிராசஸரைப் பற்றி யோசியுங்கள். புதுப் பிராசஸருக்குச் சாக்கெட் பொருந்தாமல் மதர்போர்டையும், அதற்காக ராமையும் மாற்ற வேண்டிவந்தால், அது கிட்டத்தட்டப் புது பிசிதான். லேப்டாப்பாக இருந்தால் பாகம் வாங்கும் முன் உங்கள் மாடலில் ராம் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டதா, கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சால்டர் செய்து, ஸ்லாட்டும் இல்லை என்றால் ராமைக் கூட்ட வழியில்லை, எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா என்று மட்டும் பார்க்கலாம்.